கிழட்டு ராஜபாளையத்துக்கு ஓரடி ஸ்டாண்டு

பெரிய நாய் வாங்கினால் கூடவே உயரமான சாப்பாட்டு ஸ்டாண்டும் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எங்கள் ராஜபாளையமும் வயசாகும்வரை தரைத் தட்டில்தான் தின்றான். பிறகுதான் முன்னங்கால்களை அகட்டி, சிவப்பு சிமெண்ட் தரையில் வழுக்கி, பாதிச் சோற்றில் படுத்துவிட ஆரம்பித்தான். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். முழங்கை மூட்டுத் தேய்மானம். ஸ்டாண்டு வைக்கலாம், ஆனால் தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூட ஏற்றாதீங்க என்றார் டாக்டர்.

காரணம் இருக்கிறது. ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம். முறுக்கிவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், ஆபரேஷன்தான் வழி. 2000-ல் வெளியான அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு, பெரிய இனங்களில் இப்படி வந்ததில் சுமார் 20 சதவீதத்தையும், மிகப் பெரிய இனங்களில் 52 சதவீதத்தையும் உயரத் தட்டின் கணக்கில் எழுதியது. ராத்திரி பதினோரு மணிக்கு இந்தப் பக்கத்தில் ஆபரேஷனுக்கு எங்கே ஓடுவது? அதனால் அவனை நிமிர்ந்து நிற்க வைத்துத் தரையிலிருந்து முழங்கைவரை அளந்தேன். 14 அங்குலம். பேசின் விளிம்பு 12-ல் நின்றால் போதும் என்று முடிவு செய்தேன்.

மரத்துக்கு அலையவில்லை. 2018 கஜா புயலில் சாய்ந்த பூவரசை அப்பா பலகையாக அறுத்துப் பரணில் போட்டிருந்தார். நாலு கால், மேலே ஒரு பலகை. தெரு முனை ஆசாரி, “நாய்க்கு டைனிங் டேபிளா தம்பி? நம்ம வீட்லயே எல்லாரும் டிவி முன்னாடிதான் திங்கிறோம்” என்று சிரித்துக்கொண்டே இழைத்துக் கொடுத்தார். கால்களைச் செங்குத்தாக வைக்காமல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்ததும் அவர் யோசனைதான். முப்பது கிலோ நாய் மோந்து தள்ளினாலும் கவிழாது.

துளை போடுவதில்தான் கவனம் வேண்டும். எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, அதற்கு அரை அங்குலம் உள்ளே இன்னொரு வட்டம் போட்டு, ஜிக்சா ரம்பத்தால் உள்வட்டத்தை அறுக்க வேண்டும். அப்போதுதான் விளிம்பு பலகையில் உட்காரும். ஐப்பசி அடைமழையில் மரம் ஊதும். பேசின் உடம்பைச் சுற்றி ஒரு தீக்குச்சி கனம் இடைவெளி விடாவிட்டால் கழுவ எடுக்கவே முடியாது. வார்னிஷ் அடிக்கவில்லை, நக்குகிற பொருள். காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, நன்றாகக் காயும்வரை கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தேன். காய ரொம்பவே நாளாகும், அவசரக்காரர்களுக்குச் சரிவராது.

அடுத்தது எறும்பு. தயிர்சாதமும் கோழியும் இருக்கிற இடத்துக்கு அது வராமல் இருக்குமா? நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். கிண்ணம் வழுக்கியது, ஸ்டாண்டும் கூடவே நகர்ந்தது. கிண்ணத்துக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன். அதற்கப்புறம் அசையவில்லை. அந்தத் தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றவேண்டும், இல்லாவிட்டால் நாமே கொசு வளர்த்த கதைதான்.

இப்போது கால் அகட்டாமல் நின்று தின்கிறான். ஒரே வேளைச் சோற்றை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறேன், தின்றபின் ஒரு மணி நேரம் ஓடவிடுவதில்லை. குடிதண்ணீர்ச் சட்டி மட்டும் பழையபடி தரையில், படுத்துக்கொண்டே குடிப்பது அவனுக்குப் பிடிக்கும்.

எதிர்வீட்டில் ஒரு லேப்ரடார் இருக்கிறது, ரெண்டு வயசு, குதிரை மாதிரி ஓடும். அதற்கும் இதே மாதிரி செய்யணும், அளவு சொல்லுங்க என்று கேட்டார்கள். முதலில் டாக்டரைக் கேட்டுட்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.