புதுச்சேரி, ஆரோவில், திருவனந்தபுரம்: கட்டடக்கலை மாணவர்கள் எதை அளந்துவர வேண்டும்?

பசுமைக் கட்டடம் என்று ப்ராஜெக்ட் செய்பவர்கள் பெரும்பாலும் முகப்புப் படத்தோடு திரும்பிவிடுகிறார்கள். செங்கல் ஜாலி (துளை விட்டுக் கட்டிய சுவர்), மண்சுவர் நிறம், தொங்கும் கொடி எல்லாம் ஷீட்டில் வந்துவிடும். சுவரின் கனம் என்ன, உள்ளே இருப்பது என்ன என்று ஜூரியில், அதாவது ப்ராஜெக்டை மதிப்பிடும் அமர்வில், கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பதில், கட்டடத்தை வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் குறுக்குவெட்டில்தான் இருக்கிறது. ஆகவே கேமராவுக்கு முன்னால் 5 மீட்டர் டேப், அளவுகோல், கிராஃப் நோட்டு மூன்றையும் பையில் வையுங்கள்.

புதுச்சேரியில் பார்க்க வேண்டியது கோல்கொண்டே. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937-ல் வேலை தொடங்கிய கான்கிரீட் கட்டடம் இது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் இல்லம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். வடக்கும் தெற்கும் பார்த்த நீண்ட முகப்புகளில் சாதாரணச் சன்னல்கள் இல்லை. திருப்பி மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகள் முகப்பு முழுக்க ஓடுகின்றன. உள் அலங்காரம் படிப்பவர்கள் அறைக் கதவுகளைக் கவனிக்க வேண்டும். மூடியிருந்தாலும் காற்று ஊடுருவும்படி இடைவெளி விட்ட தேக்குக் கதவுகள் அவை. இந்தக் கதவு இல்லாவிட்டால் முகப்புப் பலகைகளால் பாதிப் பலன்கூட இராது, ஏனென்றால் காற்று நுழைந்தால் மட்டும் போதாது, எதிர்ப்பக்கம் வெளியேறவும் வழி வேண்டும். மாணவர் வரைபடங்களில் முகப்பு மட்டும் நகலாகிறது, கதவு கெட்டிப் பலகையாகிவிடுகிறது. இதே கிடைமட்டப் பலகைகளை மேற்குச் சுவரில் வைப்பது இன்னொரு தவறு. மாலை வெயில் தாழ்ந்து நேராக வரும். அதைத் தடுக்க அங்கே செங்குத்துத் தடுப்புகள்தான் உதவும்.

பக்கத்திலேயே ஆரோவில். பார்வையாளர் மையத்தின் சுவர்கள் அழுத்திய மண்கற்களால் ஆனவை. சூளை கிடையாது. சலித்த மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, 4 வாரம் ஈரம் காத்துப் பதப்படுத்துகிறார்கள். சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம் என்பது நல்ல மண்ணுக்கான கணக்கு. களி கூடினால் காயும்போது கல் வெடிக்கும். குறைந்தால் அச்சிலிருந்து எடுக்கும்போதே ஓரம் உதிரும். உங்கள் ஊர் மண்ணைக் கண்ணாடி ஜாடியில் கால் பங்கு போட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் அடுக்குகள் பிரிந்து தெரியும். களி நீரில் ஊதிப் பெருகுவதால் அந்த அடுக்கு உள்ளதைவிடத் தடித்துத் தோன்றும். அதை அப்படியே சதவீதமாக எழுதிவிடாதீர்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது திருவனந்தபுரத்துக்கு. அந்நகரின் ‘உள்ளூர்’ என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் (CDS) கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் கைவண்ணம். இங்கும் அலுவலகத்தில் சொல்லிவிட்டே அளக்க வேண்டும். அவர் பரப்பிய ‘ராட் ட்ராப்’ என்ற சுவர் கட்டும் முறையில் செங்கல் படுப்பதில்லை, விளிம்பில் நிற்கிறது. 230 × 110 × 75 மி.மீ. செங்கல் இரண்டு இணையாக நிற்கும். அடுத்து ஒன்று குறுக்காக நின்று இரண்டு முகங்களையும் பிணைக்கும். சுவர்க் கனம் 230, அதில் நடுவே 80 மி.மீ. காற்றிடம். சாந்து 10 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், வழக்கமான சுவருக்குச் சதுர மீட்டருக்கு 98 செங்கல், இதற்கு 77. சாந்தும் குறையும், வெயிலும் மெதுவாகவே உள்ளே இறங்கும்.

அடி வரிசை, சன்னலடி, லிண்டல் மட்டம், உச்சி வரிசை, திறப்புகளின் ஓரம் ஆகியவை காற்றிடம் இல்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும். நின்ற வரிசை 120 மி.மீ., படுத்த வரிசை 85 மி.மீ. ஏறும். அடியில் ஒரு படுத்த வரிசை, மேலே ஆறு நின்ற வரிசை, சன்னலடியில் ஒரு படுத்த வரிசை என்றால் 890 மி.மீ. வரும். 900 என்று வரைந்துவிட்டால் கொத்தனார் அங்கே சாந்தைத் தடிக்க வைத்துத்தான் ஒப்பேற்றுவார். 190 × 90 × 90 அளவுள்ள மாடுலர் செங்கல் இதற்கு உதவாது. காற்றிடம் வெறும் 10 மி.மீ. ஆகிவிடும். கட்டும்போது காற்றிடத்தின் மேல் பலகை வைத்துச் சாந்து போட வேண்டும். உள்ளே விழுந்த சாந்து வெப்பம் கடக்கும் பாலமாகிவிடும். மின்குழாய் போகும் வழியையும் முன்பே வரைந்துகொள்ளுங்கள், கட்டிய பிறகு வெட்டினால் 75 மி.மீ. முகம் உடையும்.

பேக்கரின் இன்னொரு உத்தி ஃபில்லர் ஸ்லாப் என்ற கூரைத்தளம். இதில் கம்பிகளுக்கு இடையே, கீழ்ப்பகுதியில், மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட் போடுகிறார்கள். அந்தக் கீழ்ப்பகுதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் அல்ல. ஓடுகளை நனைக்காமல் வைத்தால் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். சுவரை ஒட்டிய பகுதியில் ஓடு வைக்கக் கூடாது. அங்கே வெட்டு விசை அதிகம்.

ரயில் நிலையத்துக்கு அருகே, தம்பானூரில், சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் பேக்கருடையதே. மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டவை. இருக்கை உயரம், மேசை அகலம், சரிதளத்தின் ஏற்றம் மூன்றையும் குறித்துக்கொண்டு 1:20 அளவில் ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள். சரிந்த தளத்தில் மேசை எப்படி மட்டமாக நிற்கிறது என்பது அந்த ஒரு வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.