பங்குனி முதல் வைகாசி வரை: வேலூரின் வெயிலும் இடிமழையும்

மகா சிவராத்திரி கழிந்தால் பனி ‘சிவ சிவ’ என்று விடைபெற்றுவிடும் என்பார்கள். வேலூரில் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மார்ச் மாதத்தில் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் சராசரிப் பகல் வெப்பநிலை, மே மாதத்தில் ஏறத்தாழ 39 டிகிரி வரை உயர்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரையிலான காலத்துக்கு ஒரு முன்னோட்டத்தையும், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்கு மற்றொன்றையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் வெயிலைப் பற்றிச் சொல்லப்படுவதை நம்பித் திட்டமிடலாம். கோடை இடிமழையைப் பற்றிய எதையும் அப்படி மாதக்கணக்கில் முன்கூட்டி நம்ப முடியாது என்பதே பல கோடைகளைப் பார்த்த பின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு.

வெயில் இங்கே ஏன் இவ்வளவு உறுதியாக வருகிறது என்பதை ஊரைப் பற்றிய பழைய கேலிப் பேச்சே பாதி சொல்லிவிடுகிறது. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று அது நீளும். (கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார், மற்றவை அப்படியே இருக்கின்றன.) ஈரமுள்ள நிலத்தில் வெயிலின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகும்; பாலாற்றின் வறண்ட மணலிலும் நகரைச் சூழ்ந்த மொட்டைப் பாறைகளிலும் அந்தச் செலவு இல்லாததால் முழுவதும் சூடாகவே மாறுகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. சென்னைக்குப் பிற்பகலிலேயே ஆறுதல் தரும் கடற்காற்று, நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கும் நமக்கு மாலை சாய்ந்த பிறகே, அதுவும் வலுவிழந்துதான் எட்டுகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று ஓங்கும் நாட்களில் அதுவும் வந்து சேர்வதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ‘சதமடித்தது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன; படிப்பவர்கள் அதையே வெப்ப அலை என்று எண்ணிக்கொள்கிறார்கள். சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டுவதோடு, இயல்பைவிடக் குறைந்தது 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான், அல்லது 45 டிகிரியையே எட்டிவிட்டால்தான், வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று கணக்கிடும். இயல்பே 39 டிகிரியாக உள்ள ஊரில் அதற்கு 43.5 டிகிரி, அதாவது 110 ஃபாரன்ஹீட்டுக்குச் சற்று மேல் வேண்டும். ஆகவே வேலூரில் 42 டிகிரி கொளுத்தும் மே நாளில் எச்சரிக்கை ஏதும் வராமல் போகலாம். கணக்குக்கு அது இயல்பான கோடை. கட்டட வேலை செய்பவரின் உடலுக்கு அப்படியில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவுதான் என்றாலும், எங்கள் பக்கம் எச்சரிக்கை வருவதற்கு முன்பே நிழலைத் தேடிக்கொள்வது நல்லது.

இடிமழையின் கதை வேறு. வங்கக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் உள்நாட்டிலிருந்து வரும் வறண்ட காற்றும் சந்திக்கும் நீண்ட கோடு ஒன்று, இந்த மாதங்களில் மகாராஷ்டிரத்தின் உட்பகுதியிலிருந்து கர்நாடகம் வழியாகத் தமிழகம் வரை அவ்வப்போது நிலைகொள்கிறது. அது நம் பக்கம் இருக்கும் நாளில், காலை முழுவதும் சூடேறிய நிலத்திலிருந்து காற்று மேலெழ, ஏலகிரி, ஜவ்வாது மலைச் சரிவுகள் அதை இன்னும் உயரத் தள்ள, பிற்பகலில் மேகம் கோபுரமாக வளர்ந்துவிடும். மேகத்திலிருந்து விழும் துளிகள் வழியில் ஆவியாவதால் குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்கிறது. மழைக்கு முன் வந்து தகரக் கூரையைத் தூக்கும் புழுதிக்காற்று அதுவே. இந்த மேகம் ஒன்றின் ஆயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டியது, அகலம் சில கிலோமீட்டர். காட்பாடியில் தெரு ஆறாக ஓடும்போது சத்துவாச்சாரி காய்ந்து கிடப்பது அதனால்தான். ‘ஓரிரு இடங்களில்’ மழை என்ற அறிவிப்பு, கால் பங்கு இடங்களுக்கு மேல் பெய்யாது என்ற பொருளில் தரப்படுவது. நம் தெருவுக்கு அது வாக்குறுதி அல்ல. இதற்குப் பயன்படுபவை சென்னை ரேடார் படமும், அடுத்த 3 மணி நேரத்துக்கென வரும் அறிவிப்பும்தான். மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ என்ற கைபேசிச் செயலி உண்டு. இடி காதில் விழுந்துவிட்டாலே மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறோம் என்பதால், மாடு மேய்ப்பவர்கள் புளியமரத்தடியில் ஒதுங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

கடலில் புயல் என்றதும் மழையை எதிர்பார்ப்பதும் எப்போதும் பலிப்பதில்லை. 2019இல் தமிழகத்தை நோக்கி வரக்கூடும் என்று முதலில் பேசப்பட்ட ஃபானி, வடக்கே வளைந்து மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரை கடந்தது. அவ்வாறு விலகிச் செல்லும் புயல் நம் பக்கத்து ஈரத்தையும் இழுத்துக்கொண்டு, மேற்கிலிருந்து வறண்ட காற்றை வரவழைத்துவிடும். பிறகு வெயில் இன்னும் ஏறும்.

உழவருக்கு இந்த மழை எந்த வாரத்தில் வருகிறது என்பதே முக்கியம். நவரைப் பருவத்தில் பயிரிட்ட நெல் அறுவடைக்கு நிற்கும்போது சூறைக்காற்றோடு பெய்தால் பயிர் சாய்ந்துவிடும். குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் பிஞ்சும் காயும் உதிரும். குலை தள்ளிய வாழை முறியும். அறுவடை முடிந்த வயலில் பெய்தாலோ அதே மழை கோடை உழவுக்கு ஈரம் தருகிறது. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லி ஏரைப் பூட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏரின் இடத்தில் டிராக்டர் வந்துவிட்டாலும்.

மே 4ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரம் மாத இறுதியில் முடிந்ததும் வெயில் தணிந்துவிடும் என்று எண்ணுவதற்கு வேலூரில் இடமில்லை. ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளத்தில் பருவமழை தொடங்கினாலும், மலைத்தொடரின் அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் காற்று இங்கே வறண்டுதான் வீசுகிறது. ஜூனிலும் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. ஜூலையில் மாலை மழை அடிக்கடி வரத் தொடங்கும் வரை, பருத்தித் துணியையும் மோர்ப்பானையையும் எடுத்து வைத்துவிட வேண்டாம்.