தடித்துத் தெரிந்த கோடு

ஐந்தாம் பருவத்தில் அனலாக் சர்க்யூட் வடிவமைப்புப் பாடத்தின் செயல்திட்டமாக எங்கள் மூவர் குழுவுக்கு வந்து சேர்ந்தது ஓர் ஆடியோ பவர் ஆம்ப்ளிஃபயர். ஐ.சி. (ஒரே சில்லில் அடங்கிய சர்க்யூட்) எதையும் பயன்படுத்தக் கூடாது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 வாட் தர வேண்டும், மின்னழுத்தப் பெருக்கம் 20 ஆக இருக்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள். கைக்கணக்கை நோட்டில் காட்டிக் கையெழுத்து வாங்காத குழு, ஒரு ரெசிஸ்டர்கூட வாங்கக் கூடாது என்று எங்கள் பேராசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போது அது வீண் கெடுபிடியாகத்தான் தோன்றியது.

கணக்கின் தொடக்கம் எளிதாகவே இருந்தது. 8 ஓமில் 5 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் ஏறக்குறைய 8.9 வோல்ட்டு, உச்ச மின்னோட்டம் 1.1 ஆம்பியர், கூட்டல் கழித்தல் 15 வோல்ட்டு சப்ளை தாராளமாகப் போதும். வெப்பக் கணக்கில்தான் முதல் வியப்பு காத்திருந்தது. இரு பவர் டிரான்சிஸ்டர்கள் அலையின் ஆளுக்கொரு பாதியைக் கையாளும் கிளாஸ் ஏபி வகையில், அவை மிக அதிகமாகச் சூடாவது முழு ஒலியில் அல்ல. வெளியீட்டின் உச்சம் சப்ளையில் ஏறக்குறைய 64 விழுக்காடாக, அதாவது எங்கள் சர்க்யூட்டில் 9.5 வோல்ட்டாக, இருக்கும்போதுதான். நாங்கள் தேர்ந்தெடுத்த 8.9 வோல்ட்டு அதற்கு மிக அருகில் வந்து நின்றது. டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றிலும் 2.85 வாட் வெப்பம்; ஹீட்சிங்க் என்னும் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு இல்லாவிட்டால், நாங்கள் தேர்ந்தெடுத்த பவர் டிரான்சிஸ்டரான டிப்41சி ஒரு வாட்டுக்கு 62.5 டிகிரி ஏறும் என்பதால் 178 டிகிரி உயர்வு. அதன் தாங்கும் எல்லையோ 150.

சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது அலை பாடப்புத்தகப் படம் போல அழகாக வந்தது. அந்த வரைபடத்தை வண்ணத்தில் அச்சிட்டு அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே வைத்தோம். சனிக்கிழமை சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் டிப்41சி, டிப்42சி, அவற்றை இயக்க பிடி139, பிடி140, முன்பகுதிக்கு பிசி547, பிசி557 ஆகியவற்றை வாங்கி வந்து, டாட் போர்டில் நான்கு நாள் சால்டர் செய்தோம்.

ஸ்விட்சைப் போட்ட இரண்டு நிமிடத்தில், உள்ளீடு ஏதும் கொடுக்காத நிலையிலேயே, ஹீட்சிங்கில் கை வைக்க முடியவில்லை. உள்ளீடு இல்லாதபோது ஓடும் ஓய்வு மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்திருந்ததால், 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டர் 9.4 மில்லி வோல்ட்டு காட்டியிருக்க வேண்டும்; அதுவோ நூறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட்டு வீதம் குறையும் என்று படித்திருந்த நாங்கள், சூடு மின்னோட்டத்தைக் கூட்டி, கூடிய மின்னோட்டம் மேலும் சூடாக்கும் அந்தச் சுழற்சியில்தான் மாட்டிக்கொண்டோம் என்று உடனே முடிவுகட்டி, ஓய்வு மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸ் டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கோடு ஒட்டி வைத்து இரண்டு நாளை வீணாக்கினோம். அந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட் திருகை முழுக்கக் குறைத்தும் சூடு தணியவில்லை என்பதே, குற்றம் பயாஸில் இல்லை என்பதற்குப் போதுமான சான்று. அது கண்ணெதிரே இருந்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ.வில் 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலை ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் கோடு மட்டும் பென்சிலால் தேய்த்தது போலத் தடித்திருந்தது. பழைய கருவி என்று நினைத்து ஃபோகஸ் குமிழைப் பத்து நிமிடமாக இருவர் மாறி மாறித் திருகிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கமாக வந்த லேப் அண்ணா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கோடு தடிச்சா ஃபோகஸைத் தொடாதீங்க, டைம் பேஸைத் திருப்புங்க" என்று சொல்லி, திரையின் ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கும் அந்தக் குமிழைத் தாமே ஒரு கட்டத்துக்கு 0.2 மைக்ரோ செகண்டுக்குக் கொண்டுவந்தார். திரையில் ஆறு முழு அலைகள் நின்றன. உள்ளீட்டுக் கம்பியைப் பிடுங்கிய பிறகும் அவை அசையவில்லை. எங்கள் ஆம்ப்ளிஃபயர் 3 மெகா ஹெர்ட்ஸில் தானாகவே அலைந்துகொண்டிருந்தது. அந்த வேகத்துக்கு அணைந்து எரிய முடியாத இரு பவர் டிரான்சிஸ்டர்களும் ஒரே நேரத்தில் கடத்தி, சப்ளையை வெப்பமாக்கிக்கொண்டிருந்தன.

காரணம் நோட்டிலேயே இருந்தது. முதல் நிலையின் இணை டிரான்சிஸ்டர்களுக்கு மொத்தம் 2 மில்லி ஆம்பியர், ஆளுக்கு 1. அந்த மின்னோட்டத்தில் கடப்புக் கடத்துதிறன், அதாவது உள்ளீட்டு மின்னழுத்தம் எவ்வளவு வெளியீட்டு மின்னோட்டமாக மாறுகிறது என்னும் அளவு, 40 மில்லி சீமன்ஸ். தானாக அலையாமல் தடுக்க வைக்கும் ஈடுசெய்யும் கெப்பாசிட்டர் 100 பிக்கோ ஃபேரட். பெருக்கம் 20 என்றால், வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பித் தரும் ஃபீட்பேக் சுற்றின் பெருக்கம் ஒன்றாகக் குறையும் இடம் ஏறத்தாழ 3.2 மெகா ஹெர்ட்ஸ். டிப்41சியின் டேட்டாஷீட் அந்த டிரான்சிஸ்டருக்கு உறுதி தரும் வேக எல்லையே 3 மெகா ஹெர்ட்ஸ்தான்; அங்கே அது தாமதிக்க, ஃபீட்பேக் அலையை அடக்காமல் வளர்த்துவிடும். ஸ்பைஸில் மட்டும் ஏன் நன்றாக ஓடியது என்றால், நாங்கள் அங்கே டிப்41சியின் மாடலைச் சேர்க்கவே இல்லை; மென்பொருள் தானாகத் தரும், உட்கெப்பாசிட்டன்ஸ் சிறிதும் இல்லாத டிரான்சிஸ்டரையே வைத்திருந்தோம்.

இரண்டாம் ஆண்டிலிருந்து 741 என்னும் பெருக்கி ஐ.சி.யை எத்தனையோ முறை பயன்படுத்தியும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. 1968இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பொறியாளர் டேவ் ஃபுல்லகர் அந்த ஐ.சி.யின் உள்ளேயே 30 பிக்கோ ஃபேரட் ஈடுசெய்யும் கெப்பாசிட்டரை வைத்துவிட்டதால், அலையாமல் தடுக்கும் வேலை பயனரின் தலையில் விழுவதே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பாப் விட்லர் வடிவமைத்த எல்எம்101 பெருக்கி ஐ.சி.க்கு அந்தக் கெப்பாசிட்டரை வெளியில் நாமே இணைக்க வேண்டும். அதில் பழகியிருந்தால் எங்களுக்கு இந்த அடி விழுந்திருக்காது.

தீர்வுக்கு ஆன செலவு ஒரு தேநீருக்கும் குறைவு. இணை டிரான்சிஸ்டர்களின் எமிட்டர்களில் ஆளுக்கொரு 100 ஓம் போட்டதும் கடத்துதிறன் 8 மில்லி சீமன்ஸாகவும், ஃபீட்பேக் சுற்றின் பெருக்கம் ஒன்றாகும் அந்த இடம் 640 கிலோ ஹெர்ட்ஸாகவும் இறங்கின. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கியும் இதைச் சாதித்திருக்கலாம். ஆனால் அப்போது ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு ஏறி இறங்கும் உச்ச வேகம், குறையும். ரெசிஸ்டர் வழியில் மைக்ரோ செகண்டுக்கு 20 வோல்ட்டு அப்படியே கிடைத்தது. 20 கிலோ ஹெர்ட்ஸில் முழு ஒலிக்குத் தேவை 1.1 வோல்ட்டு மட்டுமே என்பதால் அவ்வளவு வேகம் வேண்டியதில்லைதான். இருந்தாலும் கையில் இருப்பதை இழக்க எங்களுக்கு மனமில்லை.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. முதலில் ஹீட்சிங்கில் விரலை வைத்தார், பிறகு டைம் பேஸைத் திருப்பினார், பிறகு அறிக்கையைப் புரட்டி முதல் ஸ்பைஸ் வரைபடம் எங்கே என்று கேட்டார். வெட்கத்தில் அதைக் கிழித்து எடுத்திருந்தோம். திரும்ப ஒட்டி, அதனருகிலேயே அந்த ஆறு அலைகளின் புகைப்படத்தையும் ஒட்டிக் கொண்டுவந்த பிறகுதான் மதிப்பெண் போட்டார்.