பினாங்கின் ஐந்தடி வாசல்கள்

மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்றால் ஐந்து அடி. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் எந்தப் பழைய தெருவில் இறங்கினாலும் முதலில் கால் வைப்பது இதன் மேல்தான். கடைவீடுகளின் முன்பக்கம், மாடி அறைக்குக் கீழே, தெருவின் நீளத்துக்கும் ஓடும் நிழல் நடை அது. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. 1822இல் சிங்கப்பூருக்காக ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இந்த விதி இருந்தது, பிறகு பினாங்குக்கும் வந்தது. எங்கள் சிதம்பரத்துத் திண்ணைகளை எல்லாம் வரிசையாக ஒட்டவைத்து, நடுவில் இருக்கும் தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வாசலுக்குத் தாமே தரை போட்டிருக்கிறார். பத்து எட்டில் பூப்போட்ட ஓடு, அடுத்த பத்து எட்டில் செங்காவி நிறத் தளம், அதற்கடுத்து வெறும் சிமெண்டு. தரை மட்டமும் ஒன்றாக இருக்காது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது அரைச் சாண் ஏற வேண்டும் அல்லது இறங்க வேண்டும். "கீழே பார்த்து நடங்கள். இந்த ஊரில் தரைதான் முதலில் பேசும்" என்றார் எங்கள் வழிகாட்டி.

அவர் எழுபது வயதை ஒட்டிய சீனப் பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டில் ஹொக்கியன் என்னும் சீன மொழி, பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், தெருவில் கொஞ்சம் தமிழ் என்று வளர்ந்தவர். போகிற இடமெல்லாம் மலாய்க்காரர்கள் 'சிக்கு' என்று அழைத்தார்கள். ஆசிரியர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நான் டீச்சர் என்றே அழைத்தேன். காலை எட்டரைக்குப் பத்துப் பேர் அவர் பின்னால் கிளம்பினோம்.

தொடங்கியது புனித ஜார்ஜ் தேவாலயத்தில். வெள்ளைத் தூண்களைப் பார்த்த உடனே எனக்குப் பழகிய முகம் போலத் தோன்றியது. காரணம் இருக்கிறது. சென்னைக் கதீட்ரல் சாலையில் நிற்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தை மாதிரியாக வைத்துத்தான் இதைக் கட்டினார்கள். சென்னையில் கட்டியது 1815இல். இங்கே அடுத்த சில ஆண்டுகளில். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கப்பலில் வந்த கைதிகள். அவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வாசலில் இருக்கும் சிறிய மணிமண்டபமோ தீவை ஆங்கிலேயருக்காக எடுத்துக்கொண்ட பிரான்சிஸ் லைட்டுக்கு 1886இல், நூறாவது ஆண்டு நினைவாக, எழுப்பியது. டீச்சர் அதன் முன் நின்று சொன்ன வரலாற்றில் பூச்சு எதுவும் இல்லை. தீவை ஆண்ட கெடா நாட்டின் சுல்தான் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் பயந்து, படை உதவி கிடைக்கும் என்று நம்பித் தீவில் இடம் கொடுத்தார். 1786 ஆகஸ்டு 11இல் கொடி ஏறியது, உதவி வரவில்லை. 1791இல் சுல்தான் திரும்பப் பிடிக்க முயன்றார், தோற்றார். "ஊர் பிறந்த கதையே ஒரு காப்பாற்றாத வாக்கு" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அங்கிருந்து சிறிது நடையில் குவான் இன் கோயில். கருணைத் தெய்வத்தின் கோயில் என்பார்கள். வாசலிலேயே ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கிறது; ஆள் உயரத்தையும் தாண்டிய தடித்த பத்திகள் கம்பம்போல நின்று எரிகின்றன. இதன் இன்னொரு பெயர் கோங் ஹொக் கியோங். கோங் என்பது குவாங்டோங் மாகாணம், ஹொக் என்பது ஃபூஜியன். மொழியும் சமையலும் வேறான இரு மாகாணத்தார் சேர்ந்து எழுப்பியதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்கு எதிரே ஒரு தமிழ்ப் பூக்காரம்மா. பக்கத்தில் போய் நின்றேன். வாழை நாரை இடக்கைக் கட்டைவிரலில் சுற்றிப் பிடித்து, இரண்டு மல்லிகை இப்படி, இரண்டு அப்படி என்று வைத்து, நாரைப் பார்க்காமலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க ஹொக்கியனில், எதிரே நிற்கும் சீனப் பாட்டியோடு. பாட்டி மாலையை வாங்கிக் குவான் இன்னுக்குக் கொண்டுபோனார். பூக்காரம்மா என்னைப் பார்த்து, "எந்த ஊர் தம்பி?" என்றார். சிதம்பரம் என்றேன். "எங்கள் அப்பாவின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாராம். நான் பார்த்ததில்லை" என்றவர், ஒரு முழத்தை நறுக்கி டீச்சர் கையில் கொடுத்தார். காசு வாங்கவில்லை. டீச்சரும் கொடுக்க முயலவில்லை. அது பல வருட வழக்கம் என்பது இருவரும் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

குயின் தெருவின் மகாமாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. கோபுரத்துக்கு இடமும் வலமும் கடைவீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். வெளியே டீச்சர் தைப்பூசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பினாங்குத் தெருவில் இருக்கும் நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளித் தேர் புறப்படும்; காரைக்குடியில் செய்து 1894இல் கொண்டுவந்த தேர். அது வரும் வழியில் தேங்காய்களை மலைபோலக் குவித்து உடைப்பார்கள். குவிப்பவர்களில் பலர் சீனர்கள். டீச்சரின் தந்தைக்கு மளிகை வியாபாரம். ஒரு வருடம் கடை நொடித்துப் போகும் நிலையில், தேருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாராம். கடை பிழைத்தது. "அதற்குப் பிறகு ஒரு வருடமும் விட்டதில்லை. சின்ன வயதில் எனக்குத் தேங்காயைக் கழுவிக் கொடுக்கும் வேலை" என்றார்.

அடுத்த தெருவில் நாகூர் ஆண்டவர் தர்கா. கிங் தெருவும் சூலியா தெருவும் கூடும் முனையில், சிறிய மினார்களோடு, பச்சையும் வெள்ளையுமாக. சாகுல் அமீது ஆண்டவர் அடக்கமாகியிருப்பது நாகூரில்தான். இங்கே இருப்பது அவர் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இடம். வங்காள விரிகுடாவைக் கடக்கும் கப்பல்காரர்கள் அவரை வேண்டிக்கொண்டு கிளம்பினார்கள். கரை ஏறியதும் நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும் அல்லவா? சூலியா என்பதே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களுக்கு இங்கே வழங்கிய பெயர்.

அந்தக் கரையில்தான் என் ஊரும் இருக்கிறது. அதனால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நான் மற்றவர்களைவிட அதிக நேரம் நின்றேன். 1801இல் இதை நிறுவியவர் காதர் முகைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டைக்காரர். தென்னிந்திய மக்களுக்குத் தலைவராகக் கம்பெனி அரசு அவரை 'கப்பித்தான்' ஆக்கியது. 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியரைக் குறிக்க இயல்பாக வரும். இன்று அதே சொல்லை ஒரு தமிழரைப் பார்த்துச் சொன்னால் வசை. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. குழுவிலிருந்த ஓர் இளைஞர், மலேசியாவின் ஈப்போ நகரத்துத் தமிழர், "சின்ன வயதில் பள்ளியில் இந்தச் சொல்லைச் சொல்லி என்னை அழவைத்திருக்கிறார்கள்" என்றார். டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு இளைஞரின் தோளைத் தொட்டு, "என் வகுப்பிலும் நடந்திருக்கிறது. நான் எல்லா முறையும் தடுத்தேன் என்று சொல்ல முடியாது" என்றார். வழிகாட்டி ஒருவரிடமிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அந்த நாளில் அவர் மீது எனக்கு உண்டான மதிப்பு அங்கே தொடங்கியது.

மரைக்காயரின் அடக்கத்தலம் பள்ளிவாசலுக்கு அப்பால், கம்போங் கோலாம் என்னும் சாலையில் இருக்கிறது. கோலாம் என்றால் குளம், நம் குளமேதான். கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்'. பொருளோடு சேர்ந்து பெயரும் இறங்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது; எத்தனையோ முறை மீன் வாங்கப் போயிருக்கிறேன். அந்த ஊர் மனிதர் ஒருவர் இவ்வளவு தொலைவில், குளத்துப் பெயர் கொண்ட தெருவில் உறங்குகிறார் என்பது நாற்பத்தைந்து வயதுவரை எனக்குத் தெரியாது. பள்ளியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வழியில் நாசி கண்டார் சாப்பிட்டோம். கண்டார் என்பது காவடித்தண்டு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்பு என்று தோளில் தூக்கிக்கொண்டு தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு இது. இப்போது தண்டு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. 'பாஞ்சிர்' என்று கேட்டால், அதாவது வெள்ளம் என்று கேட்டால், நாலைந்து குழம்புகளைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுகிறார்கள். கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளின் சுவரோவியத்துக்கு முன்னால் படம் எடுக்க நீண்ட வரிசை. டீச்சர் நிற்காமல் நடந்தார். நாங்களும்தான்.

அவர் நின்றது கேனன் தெருவில். 1867 ஆகஸ்டில் கீ ஹின், துவா பெக் கோங் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் இந்தத் தெருக்களில் பத்து நாள் மோதிக்கொண்டன. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற மலாய், இந்திய முஸ்லிம் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. அச்சே தெருப் பள்ளிவாசலின் எண்கோண மினாரில் ஒரு வட்டத் துளை இருக்கிறது. அன்றைய பீரங்கிக் குண்டு துளைத்தது என்பது ஊர் வழக்கு. எனக்கு இதில் ஒரு விஷயம் முக்கியமாகப் பட்டது. சீனரோடு சீனர் மோதினார்கள், இரு பக்கத்திலும் மலாய்க்காரரும் இந்தியரும் இருந்தார்கள். சண்டையில்கூடக் கோடு இனத்தின் வழியாக ஓடவில்லை.

கூ கொங்சி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கூ குலத்தார் கட்டிய முதல் மண்டபம் 1901இல் எரிந்தது; அரண்மனையை மிஞ்சிய அழகு தெய்வத்துக்குப் பொறுக்கவில்லை என்றார்களாம். இப்போது இருப்பது 1906இல் முடிந்தது. கூரையின் டிராகன்களை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் முகப்பில் பாருங்கள். தலைப்பாகையும் தாடியுமாக இரண்டு சீக்கியக் காவலர்கள் கல்லில் நிற்கிறார்கள். தங்கள் முன்னோர்களின் வாசலைக் காக்கக் குலத்தார் நிறுத்திய காவலர்கள் பஞ்சாபிகள்!

பன்னிரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தது. "கடைசியாக ஒன்று. இது பட்டியலில் இல்லை" என்று டீச்சர் ஒரு குறுகிய தெருவுக்குள் கூட்டிப்போனார். பச்சைச் சன்னல்கள் வைத்த ஒரு கடைவீடு, இப்போது சிறிய தங்கும் விடுதி. அவர் பிறந்த வீடு அது. சொந்த வீடு இல்லை. அப்பா காலத்திலிருந்து வாடகை. கீழே மளிகை, மேலே எட்டுப் பேர். வாடகையை உயர்த்த முடியாமல் சட்டம் பிடித்து வைத்திருந்ததால்தான் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் நடுவில் வாழ முடிந்தது. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றிலும் போனது. தட்டாரும் தையல்காரரும் தகரக் கொல்லரும் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அந்த மரபைச் சமைத்துத் துவைத்து வாழ்ந்தவர்களில் பலர் இங்கே இல்லை. சட்டம் பழைய வீடுகளைச் சிதையவிட்டது என்பார்கள். உண்மைதான், வாடகை வராத உரிமையாளர் ஏன் ஓடு மாற்றப் போகிறார்? ஆனாலும் கட்டடத்தை மீட்கும் அக்கறையில் பாதியாவது குடியிருந்தவர்களை நிறுத்தி வைப்பதில் காட்டியிருக்கலாம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் போனவர்கள் எல்லாம் ஐந்தடிக்குள் ஒதுங்கினார்கள். விடுதி வாசலில் மட்டும் வழி இல்லை. அழகுக்காக வைத்த பெரிய பூந்தொட்டிகள் இரண்டு குறுக்கே நின்றன. அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் மழையில் இறங்கிச் சுற்றினார்கள். பொட்டலங்களோடு வந்த ஒரு முதியவர் இறங்கலாமா என்று தயங்கி நின்றார்.

டீச்சர் கைப்பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே மல்லிகை மணத்தது. குனிந்து ஒரு தொட்டியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார், அது அசையவில்லை. நானும் ஈப்போ இளைஞரும் போய்ப் பிடித்தோம். உள்ளேயிருந்து விடுதிப் பணியாள் ஒருவன் ஓடிவந்தான், பங்களாதேசத்துப் பையன். தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். "சிக்கு, விடுங்கள், முதுகு வலிக்கும்" என்று மலாயில் சொல்லிவிட்டு அவனும் மறுபக்கம் பிடித்தான். இரண்டு தொட்டிகளையும் சுவரோரம் தள்ளினோம். கீழே, வெயில் படாத இடத்தில், தேய்ந்துபோன மஞ்சள் பூ ஓடுகள் இரண்டு வட்டமாகத் துலங்கின.

"இங்கேதான் தேங்காய் கழுவுவேன்" என்றார் டீச்சர். முதியவர் பொட்டலங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவற்றின் மேல் நடந்து போனார்.