அந்தமான் பறவைகளுக்கு ஒரு படக் கையேடு: எந்தப் படம் தேறும், எது தேறாது

அந்தமான் நிக்கோபார் பறவைகளுக்குப் படக் கையேடு செய்ய உட்காருகிறவர்கள் முதலில் ஒரு விதியைப் போட்டுக்கொள்ள வேண்டும். தீவில் எடுக்காத படம் புத்தகத்துக்குள் வரக்கூடாது. வெண்மார்பு மீன்கொத்தி நம்மூர் ஏரிக்கரைக் கம்பியில் எப்போதும் உட்கார்ந்திருக்கும். நல்ல படங்கள் எல்லோரிடமும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்தமானில் இருப்பது தனித் துணையினம், அதாவது அதே இனத்தின் வட்டார வகை. தலையிலும் வயிற்றிலும் பழுப்பு இன்னும் அடர்ந்து இருக்கும். வேடந்தாங்கலில் எடுத்த படத்தைப் போட்டு இடத்தை நிரப்பினால், தெற்கு அந்தமானின் சிடியாட்டாப்பில் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் மரத்தில் இருக்கும் பறவை வேறு ஏதோ இனம் என்று எண்ணுவார். அவர் எழுதும் பதிவும் தவறாகும். தீவுக் கையேடுகளில் இரவல் படங்களால் இப்படித்தான் பிழை நேரும்.

நிக்கோபாருக்கும் இதே கண்டிப்பு வேண்டும். அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும் பத்து டிகிரிக் கால்வாய் சுமார் 150 கி.மீ. அகலம். அந்த நீர்ப்பரப்பின் இரு பக்கமும் பறவைகள் வேறு வேறு. அந்தமான் மரங்கொத்தியும் அந்தமான் வால்காக்கையும் வடக்கே மட்டும். நிக்கோபார் மெகாபோடும் நிக்கோபார் கிளியும் தெற்கே மட்டும். இரண்டு பக்கமும் இருக்கும் பறவைகள் பலவற்றிலும் துணையினம் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் தீவு, இடம், தேதி மூன்றும் இருக்க வேண்டும். இனத்துக்கு ஆங்கிலப் பெயரை நம்பாமல் அறிவியல் பெயரையே சாவியாக வையுங்கள். ஆங்கிலப் பெயர்கள் பட்டியலுக்குப் பட்டியல் மாறுகின்றன. அறிவியல் பெயரும் சில நேரம் மாறும் என்றாலும் மாற்றத்தின் தடம் பதிவில் இருக்கும். இடப்பெயர்களும் மாறிவிட்டன: மவுண்ட் ஹாரியட் 2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆனது, போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பழைய பதிவுகளோடு ஒப்பிடப் பொருளடைவில் இரண்டு பெயர்களும் தேவைப்படும்.

பரவல் வரைபடத்தைப் பற்றியும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இந்தத் தீவுத் தொடர் வடக்கு தெற்காக ஏழு டிகிரி அட்சரேகைக்கு நீள்கிறது, ஏறக்குறைய 770 கி.மீ. கையேட்டின் ஓரத்தில் 5 செ.மீ. உயர வரைபடம் போட்டால் ஒரு சென்டிமீட்டரில் 150 கி.மீ.க்கு மேல் அடங்க வேண்டும். மூன்று கி.மீ. அகலமுள்ள நார்க்கொண்டம் அதில் 0.2 மி.மீ. புள்ளி. அச்சில் அது அழுக்கா தீவா என்று தெரியாது. உலகிலேயே அந்தத் தீவில் மட்டும் வாழும் இருவாச்சிக்கு அந்த வரைபடத்தால் என்ன பயன்? அதற்குப் பதில் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை போதும்: வடக்கு, நடு, தெற்கு அந்தமான், லிட்டில் அந்தமான், நார்க்கொண்டம், கார் நிக்கோபார், நடு நிக்கோபார், பெரிய நிக்கோபார். பறவை இருக்கும் தீவின் கட்டத்தை மட்டும் வண்ணத்தால் நிரப்புங்கள். உறுதியான பதிவு இல்லாத கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இனிப் படங்கள். நல்ல படம் வேறு, கையேட்டுப் படம் வேறு. கையேட்டில் தேறுவது, குழப்பம் தரும் இரண்டு பறவைகளைப் பிரிக்கும் அடையாளம் தெரியும் படம். அந்தமானில் அப்படிச் சில இணைகள் உண்டு. அவற்றுக்குத்தான் உழைப்பில் பாதி போக வேண்டும்.

பாம்புக் கழுகுகளை எடுத்துக்கொள்வோம். அந்தமான் பாம்புக் கழுகும் கொண்டைப் பாம்புக் கழுகும் தெற்கு அந்தமானில் ஒரே நாளில் கண்ணில் படும். முன்னதன் அடிப்பகுதி கரும்பழுப்பு, அதில் வெண்புள்ளிகள். பின்னதன் தீவுத் துணையினத்துக்கு அடிப்பகுதி வெளிறியது. சதுப்புநிலக் காட்டையும் கடலோரத்தையும் அது அதிகம் விரும்பும், முன்னது உள்காட்டை. முதுகுப் பக்கம் எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இங்கே உதவாது. மார்பும் வயிறும் தெரியும்படி அமர்ந்த படம் ஒன்று, சிறகின் அடிப்பக்கம் தெரியும் பறக்கும் படம் ஒன்று, இளம்பறவை ஒன்று என்று இரண்டு கழுகுகளுக்கும் தனித்தனியாக வேண்டும். வெயில் உச்சியில் இருக்கும்போது மார்பில் நிழல் விழுந்து வெளிறிய பறவையும் கறுப்பாகத் தெரியும். அந்தப் படத்தைப் போட்டால் கையேடே குழப்பத்தை வளர்க்கும்.

ஆந்தைகளில் சிக்கல் வெளிச்சத்தின் நிறத்தில் இருக்கிறது. அந்தமானில் இரண்டு வேட்டைக்கார ஆந்தைகள். ஒன்று மேலும் கீழும் ஒரே சீரான சாக்லெட் பழுப்பு. மற்றொன்றுக்கு மார்பில் செம்பழுப்புக் கீற்றுகள். மஞ்சள் வெளிச்சம் தரும் டார்ச்சை அடித்துவிட்டு கேமராவின் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியில் விட்டால், சாக்லெட் நிறம் செம்பழுப்பாக மாறிவிடும், பிரிக்க உதவும் அடையாளமே போய்விடும். 5500 கெல்வினுக்கு அருகில் வெண்ணொளி தரும் டார்ச், அந்த டார்ச்சின் முகத்தில் பட்டர் பேப்பர் மாதிரி ஒரு மெல்லிய மறைப்பு, கேமராவில் பகல் ஒளிக்கான நிலையான அமைப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நிறத்தை நம்பலாம். பிளாஷ் வேண்டாம். வெளிச்சம் சில வினாடிகளுக்கு மேல் ஆந்தை மேல் இருக்கக் கூடாது. ஒரு கிளையில் இரண்டு நல்ல படங்கள் கிடைத்தால் அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கரிச்சான்களில் வால்தான் வழுக்கும் இடம். துடுப்புவால் கரிச்சான் இறகு உதிர்க்கும் காலத்தில் துடுப்பில்லாமல் திரியும். அப்போது வாலை மட்டும் பார்க்கிறவர் அதை அந்தமான் கரிச்சான் என்று எழுதிவிடுவார். நெற்றிக் கொண்டை பக்கவாட்டில் தெரியும் படமும், துடுப்பு உதிர்ந்த பறவையின் படமும் கட்டாயம் வேண்டும். அழகான படத்தைத் தேடுகிறவர்கள் துடுப்பு உதிர்ந்ததை அழித்துவிடுவார்கள். அழிக்காமல் கேட்டு வாங்குங்கள். கிளுவை என்னும் வாத்திலும் இதே கதைதான். அந்தமான் கிளுவைக்குக் கண்ணைச் சுற்றி வெண்வளையம். சிலவற்றில் அந்த வெண்மை முகம் முழுக்கப் பரவியிருக்கும். ஒரே படம் போட்டால் வெள்ளை முகக் கிளுவையைப் பார்த்தவர் தவிப்பார். 2004 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை தாழ்ந்து, சிப்பிகாட் பக்கம் வயல்களில் கடல்நீர் ஏறி உப்புச் சதுப்பானது. கிளுவைகளை அங்கே சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம் என்பதால் முகத்தின் வகைகளை எடுக்க வசதியான இடம் அதுதான். அந்தமான் மரங்கொத்தியில் ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு, பெண்ணுக்குப் பின்னந்தலையில் மட்டும். தலை தெரியாமல் மரத்தை அணைத்திருக்கும் படங்களை ஒதுக்கிவிடலாம்.

எவ்வளவு நெருங்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அச்சில் 10 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) வேண்டுமானால் தேவைப்படுவது ஏறத்தாழ 1,200 பிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6,000 பிக்சல் அகலம். அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பறவை நிரப்பினாலே போதும். கையேட்டின் பெரும்பாலான படங்கள் 6 செ.மீ.க்கு மேல் போகாது. ஆகவே பறவையை விரட்டி நெருங்கத் தேவையே இல்லை. கூர்மையும் கோணமும் இருந்தால் போதும். 400 முதல் 600 மி.மீ. வரையான லென்ஸ் போதுமானது. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரை போக வேண்டிவரும். அமர்ந்த பறவைக்கு ஷட்டர் 1/500க்குக் கீழே இறங்கும்போது ஒற்றைக்கால் ஸ்டாண்டு துணை வேண்டும். பறப்பதற்கு 1/2000. வெளுத்த வானத்தின் முன்னால் கரும்பறவை இருந்தால் எக்ஸ்போஷரை +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். வெண்தலை மைனா நேர் வெயிலில் இருந்தால் −0.7 அளவுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் தலை வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். எல்லாம் ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) இருக்கட்டும். இலைக்கூரைக்குக் கீழே எல்லாவற்றிலும் பச்சை ஏறும். இடம் மாறும்போதெல்லாம் சாம்பல் அட்டையை ஒரு முறை படமெடுத்து வைத்தால் பச்சைப் புறாவின் உண்மையான பச்சையைப் பிறகு மீட்கலாம்.

நேரத்தை நம்மூர்க் கணக்கில் போடாதீர்கள். அந்தமான் இந்திய நேரத்துக்கான தீர்க்கரேகையிலிருந்து பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது. ஏப்ரலில் காலை ஐந்தைத் தாண்டியதுமே சூரியன் எழுந்துவிடும். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் விழுந்துவிடும். காலை ஏழரைக்கு மேல் வெளிச்சம் கடுமையாகிவிடும். மே மாதம் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை நிற்காது, அதன் பிறகும் வடகிழக்கு மழை உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பகமான காலம். வலசைப் பறவைகளும் அப்போது அங்கே இருக்கும்.

ஈரப்பதம் லென்ஸைக் கொல்லும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கிறதா என்று சிறு மானியில் பாருங்கள். அதற்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை படரும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவை மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட வேண்டும். உடனே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். அதிகாலையின் முதல் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். படகில் லென்ஸ் மாற்றக் கூடாது. திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

சட்டமும் நெறியும் இங்கே மற்ற இடங்களை விடக் கூடுதல் கண்டிப்பு. தெற்கு அந்தமானின் ஜிர்க்காட்டாங்கிலிருந்து நடு அந்தமான் போகும் சாலை ஜாரவா மக்களின் காப்புப்பகுதி வழியாகச் செல்கிறது. அங்கே வண்டிகள் வரிசையாக மட்டுமே போகும், வழியில் நிறுத்தக் கூடாது, படமெடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் அது குற்றம். பறவைக்காக என்ற சாக்கு செல்லாது, சொல்லவும் கூடாது. கேமரா பைக்குள் இருக்கட்டும். நார்க்கொண்டம் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். இவற்றுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். புத்தக அட்டவணை போடும்போது இதை முதலில் எழுதுங்கள்.

நார்க்கொண்டம் இருவாச்சியின் கூட்டுப்படம் புத்தகத்தில் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெண் பறவை பொந்துக்குள் அடைந்திருக்கும் மாதங்களில் உணவு கொண்டுவரும் ஆண் தயங்கி நின்றால் உள்ளே இருப்பவை பட்டினி. ஆணுக்குச் செம்பழுப்புத் தலையும் கழுத்தும், பெண்ணுக்குக் கறுப்பு, இரண்டுக்கும் வெள்ளை வால். பழமரத்தில் எடுத்த படங்களிலேயே இவை அனைத்தும் தெரியும். வேறு எந்தப் பறவையின் கூட்டுக்கும் இடக்குறிப்பு அச்சிடாதீர்கள். அச்சகத்துக்கோ இணையத்துக்கோ போகும் கோப்புகளிலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள். குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைத்து எடுத்த படங்களை ஏற்பதில்லை என்று படம் தருபவர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. அதே தாளில் முதல் பதிப்பு, மறுபதிப்பு, மின்னூல் உரிமைகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் பிறகு சங்கடம் இல்லை.

பக்க அமைப்பில், ஒரே பக்கத்தில் வரும் பறவைகள் ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். முடியாதபோது பக்கத்தில் ஒரு அளவுகோல் கோடு போடுங்கள். எல்லாப் பறவைகளும் ஒரே திசை பார்த்தால் ஒப்பிடுவது எளிது. அதற்காகப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம். ஆனால் கிளுவையின் முக வெண்மை போல இரு பக்கமும் ஒன்றாக இல்லாத அடையாளம் இருந்தால் திருப்பக் கூடாது. பின்னணியை வெட்டி எடுக்கும்போது இறகு ஓரத்தில் இலைப்பச்சை ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளைத் தாளில் அது பச்சை ஒளிவட்டமாகத் தெரியும். ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுத்து, அங்கே நிறச்செறிவைக் குறைத்தால் சரியாகும். ஒரு பறவைக்கு 80 முதல் 100 சொற்கள் போதும்: நீளம், முதன்மை அடையாளம், குழப்பும் பறவை, குரல், வாழிடம். குரலுக்கு க்யூஆர் குறியீடு மட்டும் போட்டுத் தப்பிக்காதீர்கள். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இல்லை. எழுத்திலும் குரல் இருக்க வேண்டும்.

அச்சில் அடிவாங்குவது கரும்பறவைகள். தாளில் மை பரவுவதால் நடுத்தர நிழல்கள் எல்லாம் திரையில் பார்த்ததை விட இருண்டு விழும். கரிச்சானும் மரங்கொத்தியும் பக்கிக் குருவியும் கறுப்புக் கட்டிகளாகிவிடும். அவற்றின் நிழல்களைத் திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்கு ஏற்றி அனுப்புங்கள். நிக்கோபார் புறாவின் பளபளக்கும் பச்சையும் செம்பும் நான்கு வண்ண அச்சில் முழுதாக வரவே வராது. நிறத்தை முறுக்கிப் பார்ப்பதை விட, பளபளப்பு அடங்கிய மேகமூட்ட நேரத்துப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் தாள் வெயிலில் கண்ணைக் கூசாது. கட்டு, தையல் கட்டாகவே இருக்கட்டும். வெறும் பசைக்கட்டு அந்த ஈரத்தில் விட்டுப்போகும். பக்கங்கள் 16இன் மடங்காக அமைந்தால் தாள் வீணாகாது. சோதனை அச்சை மேசை விளக்கில் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மர நிழலிலும் வெட்டவெளியிலும் பிடித்துப் பாருங்கள்.

அச்சுக்கு முன் மாதிரிப் பிரதியைப் பறவை பார்த்துப் பழகாத நான்கைந்து பேரிடம் கொடுத்து, சிப்பிகாட்டிலும் சிடியாட்டாப்பிலும் ஒரு காலை நேரம் உதவி இல்லாமல் அடையாளம் காணச் சொல்ல வேண்டும். எந்தப் பறவையை எதுவாக எழுதினார்கள், எந்தப் படத்தைப் பார்த்து அப்படி எழுதினார்கள் என்று இரண்டு பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இணையில் இரண்டு பேர் தவறினால் அந்தப் பக்கத்தின் விளக்கத்தைத் திருத்தினால் போதாது, படத்தையே மாற்ற வேண்டும்.