370இசட் வாங்கினேன்: ஒரு இன்வாய்ஸ், ஒரு டயர், நான்கு மாத அலைச்சல்

நம்பர் பிளேட் மாறிவிட்டது. டிஎன் 43, நீலகிரி நம்பர். மாட்டி முடித்ததும் வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மாத அலைச்சல் அது. வெளிமாநிலப் பதிவுள்ள இறக்குமதி வண்டியை வாங்கி மலைக்குக் கொண்டுவர நினைக்கிறவர்கள் இப்படி அலையக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி நிசான் 370இசட், 2012 மாடல், ஆறு கியர் மேனுவல், பெங்களூர் பதிவு. நிசான் இதை 2010-இல் ஜப்பானிலிருந்து முழு வண்டியாகவே கொண்டுவந்து இங்கே விற்றது. சில வருடங்களில் நிறுத்திவிட்டது. 3.7 லிட்டர் வி6 இன்ஜின், பின்சக்கர இழுவை, இரண்டே சீட். காலேஜ் நாளிலிருந்து எனக்கு இந்த வண்டி மேல் ஒரு கண். விலை பேசியது, பணம் அனுப்பியது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

இன்ஜின், கிளட்ச், ஏ.சி., அடிப்பாகம் எல்லாம் பார்த்தேன். வளைவில் இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதிதான் டிஃபரென்ஷியல். அதைப் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி. "எல்.எஸ்.டி. இருக்குதானே?" "இருக்கு சார், ஸ்போர்ட்ஸ் காராச்சே." எல்.எஸ்.டி. என்றால் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு இழுவை போகச் செய்வது. அதோடு விட்டுவிட்டேன். எந்த வகை எல்.எஸ்.டி., பின் டயர் இரண்டையும் சேர்த்து மாற்றினீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியவில்லை.

முதலில் பேப்பர் விஷயம். அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோக அங்கிருந்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று வேண்டும், அது 28-ஆம் படிவம். பெயர் மாற்ற 29-ம் 30-ம். இங்கே புது நம்பருக்கு 27. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும். விற்றவர் பக்கத்து ஏஜென்ட், "எல்லாம் கிளியர், ஒரு வாரத்தில் என்.ஓ.சி. கைக்கு வந்துவிடும்" என்றார். பத்து நாள் கழித்துப் பெங்களூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனால், ஆர்.சி.யில் இன்னும் பேங்க் பெயர் இருக்கிறது! கடன் அடைத்துப் பல வருடம் ஆகியிருக்கிறது. அடைத்த கடிதமும் விற்றவர் கையில் இருந்தது. 35-ஆம் படிவம் கொடுத்து அந்தப் பெயரை நீக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பழைய கடிதம் செல்லாது, பேங்கிலிருந்து புதிதாக வாங்கி வாருங்கள் என்றார்கள். குன்னூரிலிருந்து ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். பந்திப்பூர், முதுமலை காட்டு ரோட்டை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அன்றைக்குக் கிளம்பத் தாமதமாகி, குண்டல்பேட்டையில் ரூம் போட்டுத் தங்க வேண்டியதாயிற்று.

மறுபடி போய், பேங்க் கடிதம் வாங்கி, பெயரை நீக்கி, என்.ஓ.சி. வந்தது. அதை எடுத்துக்கொண்டு இங்கே வந்தால் அடுத்த கேள்வி: "ஒரிஜினல் இன்வாய்ஸ் எங்கே?" லைஃப் டாக்ஸுக்கு நான் கொடுத்த விலை கணக்கில்லை. வண்டி புதிதாக விற்ற விலையையும் அதன் வயதையும் வைத்துத்தான் போடுவார்கள். இன்வாய்ஸ் இல்லாமல் கணக்கு நகராது. கவுன்ட்டரில் இருந்த அம்மா பொறுமையாகத்தான் சொன்னார், அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் விற்றவரிடம் இன்வாய்ஸ் இல்லை. வண்டி வாங்கிய ஷோரூமும் இப்போது இல்லை. இரண்டு நாள் தூக்கம் போனது.

அப்புறம்தான் பொறி தட்டியது. கடன் கொடுத்த பேங்க் இன்வாய்ஸ் நகல் வாங்காமலா பணம் கொடுத்திருக்கும்? விற்றவரை அழைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகப் போய், பழைய லோன் ஃபைலைத் தேடச் சொன்னோம். மூன்று மணி நேரம் கழித்து, ஓரம் பழுத்த ஒரு தாள் வந்தது. அதில் சேஸிஸ் நம்பர், விலை, தேதி எல்லாம் தெளிவாக இருந்தன. கிளை முத்திரை போட்டு அத்தாட்சி நகல் கொடுத்தார்கள், இங்கே ஏற்றுக்கொண்டார்கள். கடிதம் வாங்கப் போன அன்றே இதையும் கேட்டிருந்தால் ஒரு பயணம் மிச்சம். ஆர்.சி.யில் பேங்க் பெயரைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும், ஆனால் காணாமல் போன பேப்பர்கள் அங்கே பத்திரமாக இருக்கும். இதை மறக்காதீர்கள்.

இனி டிஃபரென்ஷியல். என் மனதை அதிகம் வாட்டியது இதுதான்.

வண்டியை மேலே கொண்டுவந்த அன்றே ஆரம்பித்தது. வெளிமாநில நம்பர் என்பதால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொண்டு, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினேன். 36 கொண்டை ஊசி வளைவுகள். காய்ந்த ரோட்டில் வண்டி தேர் மாதிரி வந்தது. ஊட்டி தாண்டி கேத்தி பக்கம் மழை பிடித்தது. ஒரு வளைவில் ரோட்டோரம் நனைந்த யூகலிப்டஸ் இலைகள். லேசாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் உள்பக்கப் பின்சக்கரம் விர்ரென்று சுற்றியது. ஒரு நொடி எதுவும் இல்லை, பிறகுதான் வண்டி இழுத்தது. எல்.எஸ்.டி. இருந்தால் இப்படிச் சுற்றவே சுற்றாது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நெஞ்சு படபடத்துவிட்டது.

மறுவாரம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, வலது சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார்கள். இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. "எல்.எஸ்.டி. காலி சார், ஓப்பன் டிஃபரென்ஷியல் மாதிரிதான் ஓடுது" என்றார்கள். ஓப்பன் என்றால் எல்.எஸ்.டி. இல்லாத சாதா வகை. எல்.எஸ்.டி. அடிட்டிவ் ஒரு பாட்டில் ஊற்றினார்கள். பிளேட் வகை எல்.எஸ்.டி. ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டலாம் என்று ஒரு எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் நல்ல பழைய ஹேட்ச்பேக் ஒன்றே வாங்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

கொடுக்கவில்லை. குன்னூரில் எஸ்டேட் ஜீப், டிராக்டர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், முதலில் அவரிடம் காட்டலாம் என்று கொண்டுபோனேன். எஸ்டிமேட்டை அவர் பார்க்கவே இல்லை. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, வலது பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். இடது சக்கரம் தரையில். டயரின் மேலும் கீழும் கை வைத்து, உடம்பைச் சாய்த்து ஒரே சீராகத் தள்ளினார். சக்கரம் மெல்ல, பாகில் கரண்டி திரும்புகிற மாதிரி நகர்ந்தது. அப்புறம் சடாரென்று ஒரு இழுப்பு. அசையவில்லை.

"மெதுவா தள்ளுனா விடுது, வெடுக்குனு இழுத்தா பிடிக்குது. ஓப்பனா இருந்தா ரெண்டுக்கும் லேசா சுத்தும். புதுசுல எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா இது சாகல தம்பி."

அன்று இரவு முழுக்கப் படித்தேன். 370இசட்டில் இருப்பது விஸ்கஸ் வகை. டிஃபரென்ஷியலுக்குள் மூடி சீல் வைத்த ஒரு அறை, அதில் அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள், நடுவே கெட்டியான சிலிக்கான் திரவம். தகடுகள் ஒன்றுக்கொன்று வேகம் மாறிச் சுற்றினால் திரவம் தடுக்கும். வேக வித்தியாசம் ஏறஏறத் தடுப்பும் ஏறும். அதனால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிய பிறகுதான் இது வேலையே செய்யும். கேத்தி வளைவில் அந்த ஒரு நொடி வந்தது இதனால்தான். நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கும் மஹிந்திரா தாரில் பின்பக்கம் வரும் லாக்கிங் டிஃபரென்ஷியல் வேறு சாதி. வேக வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டியதும் அது டக்கென்று முழுதாகப் பூட்டிக்கொள்ளும். விஸ்கஸ் அப்படி டக்கென்று பூட்டிக்கொள்ளாது.

பட்டறைச் சோதனை எங்கே தவறியது என்பதும் புரிந்தது. இரண்டு சக்கரமும் காற்றில் இருக்கும்போது கையால் மெதுவாகச் சுற்றினால் வேக வித்தியாசம் குறைவு, திரவம் விட்டுக்கொடுக்கும். திரவம் இல்லாமல் பல்சக்கரங்களாலேயே பிடிக்கும் டார்சன் மாதிரி கியர் வகை எல்.எஸ்.டி.யிலும் இதே ஏமாற்றம்தான், சுமை இல்லாத சக்கரத்தை வைத்து அதைச் சோதிக்க முடியாது. அடிட்டிவ் கதையும் அப்படியே. அது பிளேட் வகைக்கானது. அதில் கிளட்ச் பிளேட்டுகள் டிஃபரென்ஷியல் ஆயிலிலேயே உரசும், அந்த உரசல் கரகரவென்று சத்தம் போடாமல் இருக்கத்தான் அடிட்டிவ். விஸ்கஸின் சீல் வைத்த அறைக்குள் அந்த ஆயில் போகவே போகாது. மொத்தத்தையும் வடித்துவிட்டு, வெறும் ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றினோம்.

சாகவில்லைதான், ஆனால் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் அது எதனால்? அதையும் பெரியவர்தான் கண்டுபிடித்தார். எஸ்டேட் களத்தில் வண்டியை நிறுத்தி, பின் டயர் இரண்டிலும் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். நேராகத் தள்ளச் சொன்னார். பத்துச் சுற்று. வலது டயரின் கோடு தரையைத் தொட்டபோது, இடது டயரின் கோடு தொட இன்னும் முக்கால் சாண் இருந்தது. விற்றவர் பஞ்சரான இடது டயரை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார், வலது பழையது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அது வேகமாகச் சுற்றும். நேர் ரோட்டில் போனாலும் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகம்தான். அந்தத் திரவம் மாதக்கணக்கில் ஓய்வே இல்லாமல் கடைபட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் திறந்து திரவம் நிரப்ப வழியும் இல்லை, கெட்டால் யூனிட்டையே மாற்ற வேண்டும்.

பின் டயர் அளவு 275/35 ஆர்19. இரண்டையும் ஒரே பிராண்டில் ஒரே நாளில் மாற்றினேன். செலவு வலித்தது, ஆனால் அந்த எஸ்டிமேட்டுக்கு முன்னால் இது கொசு. இந்த மாதிரி வண்டி பார்க்கப் போகிறவர்கள் டயர் ஆழம் அளக்கும் சின்ன கேஜ் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் இடது வலது வித்தியாசம் கண்டால், விலை பேசும் முன் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

நேற்று அதே கேத்தி வளைவில் மழையில் வந்தேன். உள்சக்கரம் இப்போதும் கொஞ்சம் வழுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல், கூட்டவும் செய்யாமல் அப்படியே பிடித்திருந்தேன். இறுக்கம் பின்னாலிருந்து மெதுவாக ஏறுவது சீட்டில் தெரிந்தது, வண்டி போகும் கோட்டிலிருந்து விலகாமல் வளைவை விட்டு வெளியே வந்தது. கர்நாடகத்தில் கட்டிய லைஃப் டாக்ஸில் மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு மட்டும் பாக்கி. அதற்குப் போகும்போது இன்வாய்ஸ் நகல் இரண்டு எடுத்துக்கொண்டு போவேன்.