யக்கா, கிரைண்டர நிறுத்து!

மத்தியானம் இரண்டே முக்காலுக்கு மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ். "சாப்பிட்டாச்சா?" அவ்வளவுதான். பார்த்தால் பாசமான கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது தொடர்ந்து நான்காவது நாள், நான்கு நாளும் அதே நேரம், நான்கு நாளும் ஆபீஸ் சாட்டில் நான் நெட்டில் இருக்கிறேன் என்று காட்ட என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி சாம்பலாகிப் போன ஐந்தாவது நிமிடம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன் சோறு தின்றுவிட்டுக் குறட்டை விடுகிறான் என்று மனிதர் முடிவே கட்டிவிட்டார். வைஃபை கட்டாகி கட்டாகி வருது சார் என்றேன். "டெய்லி ரெண்டரைக்கா?" என்றார். நியாயமான கேள்விதான், என்னிடம்தான் பதில் இல்லை.

வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். ஓர் ஆட்டோ உள்ளே வந்தால் எதிரே வரும் சைக்கிள் வந்த வழியே திரும்ப வேண்டும், அந்த அகலத்தில் ஒரு சந்து. பக்கத்து வீட்டில் மாவு அரைத்து விற்கும் அக்கா, எதிர் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கும் பெரியவர், கீழே இஸ்திரி வண்டித் தாத்தா. இங்கே ஒருத்தனுக்கு ஜலதோஷம் பிடித்தாலே ஏழு பேர் காரணம் சொல்வார்கள். வைஃபை என்றால் விடுவார்களா?

இஸ்திரித் தாத்தா காசிமேட்டுப் பக்கம் கையைக் காட்டி உப்புக்காத்து என்றார். நெட் கனெக்‌ஷன் பையன், "ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுண்ணா" என்றான், ஐந்து முறை செய்தேன் என்றதும், "அப்போ புதுசு போட்டுரலாம்ணா" என்று விலையைச் சொன்னான். புறாப் பெரியவர்தான் எல்லாரையும் தாண்டிப் போனார். "கீழ மெட்ரோ ஓடுதுல்லபா, அதுல கீற காந்தம் இழுக்குது. என் புறாவே ரெண்டு வாட்டி வழி மாறிச்சு." மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில், என் தொல்லை ஆரம்பித்தது போன வாரம்தானே என்றேன். "காந்தம் மெதுவாத்தான் ஏறும்" என்றார். புறாக்கள் பூமியின் காந்தத்தை வைத்தும் திசை பார்க்கின்றன என்பது உண்மை என்பதால் முழுசாகச் சிரிக்கவும் முடியவில்லை.

அம்மா முதல் நாளே ஒன்று சொன்னார். சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல், "என் போன்ல நல்லாத்தானேடா வருது?" அதே ரௌட்டர், அதே வைஃபை. அன்றைக்கே அதைக் காதில் போட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் நான் படித்தவன் அல்லவா, சேனலிலிருந்து, அதாவது வைஃபை அலை போகும் தடத்திலிருந்து, ஆரம்பித்தேன்.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும் சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ஸ்கேன் செய்து பார்த்தால் என் கட்டிலிலிருந்தே 27 வைஃபை தெரிகிறது, அதில் பாதிக்கு மேல் 6-இல் தொங்கிக்கொண்டிருக்கின்றன, காலை நேரத்துத் திருவொற்றியூர் பஸ் மாதிரி. ஒன்றின் பெயர் 'காசு குட்து வாங்குடா'. யாரென்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ரௌட்டரை 11-க்கு மாற்றினேன். மறுநாள் இரண்டரைக்குப் புள்ளி மறுபடி சாம்பல்.

அப்புறம்தான் நோட்டுப் போட்டேன். எப்போது போகிறது, எப்போது வருகிறது, அந்த நேரத்தில் சந்தில் என்ன நடக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஆறு நாள் எழுதியதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா சாயங்கால வியாபாரத்துக்கு இரண்டரை மணிக்கு கிரைண்டர் போடுகிறார், அடுத்த பத்து நிமிடத்துக்குள் என் நெட் போகிறது. ஆறுக்கு ஆறு! மோட்டார், தீப்பொறி, அலை இடைஞ்சல் என்று எனக்கு நானே விளக்கமும் கொடுத்துக்கொண்டு, கட்டம் போட்டு வரைபடம் வரைந்து, 'மாவு கிரைண்டரால் வைஃபை பாதிப்பு' என்று தலைப்பு வைத்துச் சந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். பதினொரு பேர் கைதட்டல் போட்டார்கள்.

பன்னிரண்டாவது ஆள் அக்கா. அவர் கைதட்டவில்லை, வாசலில் நின்று கூப்பிட்டார்.

"இன்னாபா, என் கிரைண்டரு உன் நெட்ட துன்னுதாமே?"

நோட்டைக் காட்டினேன். மாவுக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"சரி, நான் கிரைண்டரு போட்டா உன் பாட்டும் நின்னுடுதே, அது இன்னா? அதுவும் நெட்டா?"

காலையிலிருந்து பழைய பாட்டு போடும் இணைய ரேடியோ ஒன்றை லாப்டாப்பில் ஓட விட்டபடிதான் நான் வேலை பார்ப்பேன். "இல்லக்கா, உங்க சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நான்தான் நிறுத்திடுவேன்."

சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "அப்போ பாட்ட நிறுத்தறதாலதான் போவுதோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டு உளுந்தைத் தள்ளிவிடப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி ரேடியோவை நிறுத்திவிட்டு, லாப்டாப்பைத் தொடாமல் எதிரே உட்கார்ந்தேன். ஏழாவது நிமிடம் போனது. ரேடியோவைப் போட்டுவிட்டுப் படுத்தேன், விடியும்வரை அசையவில்லை. மறுநாள் கிரைண்டர் ஓடும்போதும் ரேடியோவை நிறுத்தவில்லை, ஒரு வரிகூடக் கேட்காத பாட்டுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், புள்ளி பச்சையாகவே இருந்தது. கிரைண்டர் நிரபராதி. குழுவில் ஒரு திருத்தம் போட்டிருக்க வேண்டும், போடலாம் போடலாம் என்றிருந்து விட்டுவிட்டேன்.

லாப்டாப்பின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மையமான நிரலுக்குக் கர்னல் என்று பெயர், நடப்பதையெல்லாம் அது எழுதி வைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வரி, ரௌட்டருடன் தொடர்பு போய்விட்டது என்று. அங்கே என்ன நடக்கிறது என்றால், ரௌட்டர் சும்மாவே இருக்காது, 102.4 மில்லி வினாடிக்கு ஒரு தடவை, அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்டப் பத்து தடவை, 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று குரல் கொடுக்கும். அதற்குப் பெயர் பீக்கன். லாப்டாப்பில் இருக்கிற வைஃபை கார்டு, வேலை இல்லாத நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். சொல்லாமல் தூங்காது. தண்ணி லாரி வருகிற நாளில், 'கொஞ்சம் கண்ணசர்றேன்க்கா, லாரி வந்தா என் குடத்தையும் பிடிச்சு வைங்க' என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் படுப்போமே, அந்த மாதிரி ரௌட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். ரௌட்டரும் வருகிற பாக்கெட்டுகளை, அதாவது தகவல் பொட்டலங்களை, பிடித்து வைத்துக்கொண்டு, பீக்கனில் 'உன் குடம் ரொம்பிடுச்சு, வந்து எடுத்துக்கோ' என்று அடையாளம் காட்டும். கார்டு அந்தக் குரலுக்கு மட்டும் கண்ணைத் திறந்தால் போதும். என் கார்டு திறக்கவில்லை. வரிசையாகச் சில பீக்கன்களைத் தூக்கத்தில் கோட்டை விட்டுவிட்டு, முழித்ததும் 'ரௌட்டர் செத்துப்போச்சு' என்று அறிவித்து, தானே கனெக்‌ஷனை அறுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தேடி அதே ரௌட்டரைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறது. தூங்கினது இவன், செத்தது பக்கத்து வீட்டுக்காரனாம். ரேடியோ ஓடினால் பாக்கெட் வந்துகொண்டே இருக்கும், தூங்க நேரமே கிடைக்காது, அதனால்தான் பாட்டு இருக்கும்வரை நெட் இருந்தது.

ஆக, மேனேஜர் சொன்னதில் பாதி சரி. மத்தியானம் ஒரு தூக்கம் நடந்தது நிஜம்தான், ஆள்தான் தப்பு.

அம்மாவின் போன் நன்றாக இருந்ததற்கும் இப்போது பொருள் புரிந்தது. லாப்டாப்பில் இருப்பது லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம், தொல்லை ஆரம்பிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதை நானே என் கையால் அப்டேட் செய்திருந்தேன். அதை எழுத நோட்டில் இடம் வைக்கவில்லை! பூட் ஆகும்போது பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தும் ஒரு தடவைகூடப் போகவில்லை. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது புதுப் பதிப்பில் கெட்டுப்போனால் அதை ரெக்ரெஷன் என்பார்கள். பவர் சேவிங்கை அணைக்க ஒரே ஒரு கட்டளை போதும், போட்டேன், சரியாகிவிட்டது. புத்தியுள்ளவன் அத்தோடு நிறுத்தியிருப்பான். எனக்கு அந்த 'டெய்லி ரெண்டரைக்கா' இன்னும் காதில் கிடந்தது.

ஆடி மாசம், சந்து முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரம். சீரியல் செட் கட்டுகிற அண்ணன் தரையில் உட்கார்ந்து எரியாத ஒரு சரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன்: பழசு ஓடுது, புதுசு ஓடல, ரெண்டுக்கும் நடுவுல பதிமூணாயிரத்துக்கு மேல மாற்றம் இருக்கு, எதுன்னு தெரியல.

"இதுக்கு இன்னாத்துக்கு நைனா முழிக்கிற? பாதில வெச்சிப் பாரு" என்றார். நாற்பது பல்ப் சரத்தில் இருபதாவதுக்குப் பக்கத்தில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "இதுவரிக்கும் ஓகே. இனிமே அந்தப் பக்கம்தான்." முப்பதில் வைத்தார், எரியவில்லை. இருபத்தஞ்சு. இருபத்தேழு. இன்னும் ஒரு தடவை வைத்துவிட்டு ஒரு பல்பைக் கழற்றிப் போட்டார். "ஒவ்வொண்ணா கழட்டினா திருவிழாவே முடிஞ்சுடும்."

இதையேதான் கிட்டில், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியில், பைசெக்ட் என்று வைத்திருக்கிறார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கர்னல் வேலைக்காகவே எழுத ஆரம்பித்த அதே கிட்தான். நடுவில் ஒரு மாற்றத்தை எடுத்துக் கொடுக்கும், நாம் அதைக் கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றி, ஓட்டிப் பார்த்து நல்லது அல்லது கெட்டது என்று சொன்னால், மிச்சத்தில் பாதியை வெட்டி எறியும். பதிமூன்றாயிரம் என்றாலும் பதினான்கு தடவையில் முடிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் லாப்டாப்புக்கு ஒரு கம்பைல் என்பது, கார்டு மாதிரி பாகங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் தேவையில்லாததையெல்லாம் கழித்த பிறகும், ஐம்பது நிமிடம். அம்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லு காஞ்சிடுச்சு, தோசை ஊத்தட்டா?" என்றார். கம்பைல் முடிந்தால் சோதனை. சோதனை என்றால் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், மௌஸைக்கூட நகர்த்தாமல்.

"இன்னாடா பண்றே?"

"வேலைம்மா."

"ஒண்ணுமே பண்லியே?"

"அதான்மா வேலை."

முதல் சுற்றில் அவசரப்பட்டுவிட்டேன். ஐந்தாவது படியில் பத்து நிமிடம் பார்த்து, போகவில்லை என்று 'நல்லது' போட்டேன். ஒரு தப்பு 'நல்லது' போதும், அதற்கப்புறம் அது கூட்டிப்போகிற பக்கமெல்லாம் தப்பான பாதிதான். பதினான்காவது படியில் பெருமையாக ஒரு குற்றவாளியைக் காட்டியது. யாரோ ஒரு புண்ணியவான் சவுண்டு டிரைவரின் குறிப்பு ஒன்றில் எழுத்துப்பிழை திருத்தியிருந்தார். அந்த மனிதருக்குப் புகார் எழுதும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "டெஸ்டரு லைட்டு பகல்ல தெரியாது நைனா, கைய மறைச்சி வெச்சி நின்னு பாக்கணும்" என்றார். அதன்படியே இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் முழுசாக ஒரு மணி நேரம் கொடுத்தேன். ஐந்து ராத்திரி ஆனது. நடுவில் ஒருநாள் கரண்ட் போய் ரௌட்டரே அணைந்து கிடக்க, லாப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, தூக்கக் கலக்கத்தில் 'கெட்டது' என்று அடிக்கப் போனேன். ஃபேன் நின்று வேர்த்ததால் தப்பித்தேன்.

கடைசியில் கிடைத்தது ஏழே வரி. என் கார்டின் டிரைவரில், பேட்டரியை இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க, கார்டை இன்னும் ஆழமாகத் தூங்கவிடும் மாற்றம். புதுச் சில்லுகளுக்கு அது சரிதான், அவை கூப்பிட்ட குரலுக்கு எழுந்துவிடும். என்னுடையது பழைய சில்லு, எழுந்து முகம் கழுவிவிட்டு வருவதற்குள் பீக்கன் போய்விடுகிறது. அந்த ஏழு வரியை மட்டும் பின்வாங்கி ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. லாக், பைசெக்ட் விவரம் எல்லாம் வைத்து அந்த டிரைவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு மெயில் போட்டேன். மறுநாளே ஒருவர், பழைய சில்லுகளுக்கு அந்த ஆழ்ந்த தூக்கம் வேண்டாம் என்று ஒரு சின்ன பேட்ச், அதாவது திருத்தம், அனுப்பி, ஓட்டிப் பார்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த மாற்றத்தின் அடியில் 'டெஸ்டட்-பை', அதாவது சோதித்தவர், என்று என் பெயர் ஏறியது.

அம்மாவிடம் காட்டினேன்.

"எவ்ளோ குடுப்பாங்க?"

"காசு இல்லம்மா, பேரு."

"சரி, உன் மேனேஜராண்ட காட்டு."

அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது. பின்னாலேயே, "சூப்பர். அப்போ இனிமே டெய்லி ரெண்டரைக்கு மீட்டிங் வச்சுக்கலாம்."

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் பெரிய தெருவில் எதற்கோ பள்ளம் தோண்டி கேபிளை வெட்டிவிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணி, சந்து முழுக்க நெட் இல்லை. ஒரு நிமிடம் ஆகவில்லை, எதிர் மாடியிலிருந்து புறாப் பெரியவரின் குரல்: "யக்கா! கிரைண்டர நிறுத்து, நெட்டு பூட்ச்சு!" அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் அதையே கத்தினார்கள். மெட்ரோ காந்தத்தை அவரே மறந்துவிட்டார். கிரைண்டர் ஓடவே இல்லை. அக்கா கழுவின கல்லைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து, யாரையும் பார்க்காமல், நேராக என் ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் மாவு வாங்கப் போனேன். எல்லாருக்கும் நாற்பது ரூபாய் பாக்கெட், எனக்கு நாற்பத்தைந்து.

"அஞ்சு ரூபா எதுக்குக்கா?"

"நெட்டு சார்ஜு."